கியோட்டோ நகரில் மரக்கறி உணவு தேடி

பிறநாடு செல்லும் சைவ உணவினர்க்கு இரண்டு அச்சங்கள் உண்டு. உண்ணத் தக்கது எதுவும் கிடையாதோ என்பது ஒன்று. உண்ணத் தகாததை அறியாமல் உண்டுவிடுவோமோ என்பது மற்றொன்று. முதலாவது வயிற்றைப் பற்றிய அச்சம். ஒரு பொதி அவலும் இரண்டு வாழைப்பழமும் அதனைத் தீர்த்துவிடும். இரண்டாவது மனத்தைப் பற்றியது. அதற்கு அவல் மருந்தாகாது. சென்ற ஐப்பசியில் யப்பானின் பழைய தலைநகராகிய கியோட்டோவில் ஒன்பது நாட்கள் தங்கியிருந்தோம். முதலாவது அச்சத்துடன் சென்ற நாம் இரண்டாவதை அனுபவித்துத் திரும்பினோம். அந்நகருக்குச் செல்லவிருக்கும் குடும்பத்தினர்க்கும், உயர்கல்வி நாடிச் செல்லும் மாணவர்க்கும் பயன்படலாமென்று கருதி அதனை இங்கு எழுதுகின்றோம்.

கியோட்டோ 794 ஆம் ஆண்டு முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அரசிருக்கையாக விளங்கிய நகர். மூன்று புறமும் மலைகள். ஊடே காமோ ஆறு. திரும்பிய திசையெல்லாம் புத்த கோயில்களும் சிந்தோ ஆலயங்களும். புத்த சமயம் இத்துணை தழைத்த ஊரிலே புலால் மறுத்தோர்க்கு என்ன குறை இருக்கமுடியும் என்று எண்ணினோம். புத்த சமயத்தவர் பெரும்பான்மையாக வாழும் இலங்கையிற் பிறந்து, மீன்சந்தையை நாள்தோறும் கடந்து சென்று வளர்ந்த நாம் இவ்வாறு எண்ணியது பேதைமையே.

நாம் தங்கிய விடுதிக்கு அருகே, சிறிய சந்து ஒன்றில், எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் நடத்தும் உணவுக்கடை இருந்தது. ஆறுபேர் அமரக்கூடிய ஒரு நீண்ட பலகை. அதற்கப்பால் அடுப்பும் அண்டாவும். அங்கு விற்பது 'உடோன்' எனப்படும் தடித்த வெண்ணிறக் கோதுமை இழை. நூடில்ஸ் வகையைச் சேர்ந்தது. அதனைச் சூடான தெளிந்த சாற்றில் இட்டு, மேலே பொரித்த தோபுத் துண்டொன்றை வைத்துத் தருவர். தோபு என்பது சோயா அவரைப் பாலைத் திரித்துக் கட்டியாக்கிய பண்டம்.

புதன்கிழமை மாலை முதன்முறை சென்றபோதே கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்பு உதவியுடன், "இறைச்சி சேர்ந்ததோ?" என்று கேட்டோம். "இல்லை, இல்லை" என்று அம்மையார் தலையசைத்தார். உண்டோம். சாறு வெந்நீர்போல் தெளிந்திருந்தது; சுவையோ சொல்லுந்தரமன்று. வியாழனும் அங்கேயே சென்றோம். வெள்ளிக்கிழமை ஐப்பசி வெள்ளி. பகல் முழுவதும் தேனீரும் பழமுமாகக் கழித்து, மாலையில் ஒருபொழுது உணவுக்காக அக்கடைக்கே மூன்றாம் முறை சென்றோம்.

இரண்டு வாய் உண்டபின், சாற்றைச் சுட்டிக்காட்டி, மிக நன்று என்று கைகூப்பினோம். அம்மையாரின் முகம் மலர்ந்தது. தம் கைத்திறனுக்குக் காரணமானதைக் காட்டவேண்டுமென்ற ஆவலுடன் உள்ளே சென்று இரண்டு பொருள்களைக் கொணர்ந்தார். ஒன்று தச்சரின் சீவுளியைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற மரப்பெட்டி. மற்றொன்று கருங்காலிக் கட்டைபோல் இறுகிய கபிலநிறத் துண்டு. அதனைப் பெட்டியின் மீது வைத்து இழுத்தார். மெல்லிய சீவல்கள் உதிர்ந்தன. அவற்றின் மணம் மூக்கைத் தொட்டபோது எமக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அது மாசி.

ஆம், எம் நாட்டார் நன்கறிந்த மாசிக் கருவாட்டின் உடன்பிறப்பே அது. மாலைதீவில் சூரை இனத்து மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்தி மாசி செய்வர். யப்பானியரும் அம்மீனையே அவித்து, புகையூட்டி, உலர்த்துகின்றனர். சிலவகையில் பூஞ்சணம் படரவிட்டு மேலும் இறுகச் செய்கின்றனர். 'கத்சுவோபுஷி' என்பது அதன் பெயர். கொழும்பிலே சீனிச் சம்பலைத் தொடுமுன், "மாசி போட்டதோ?" என்று கேட்கத் தவறாத நாம், பத்தாயிரம் மைல் கடந்ததுபோன்ற ஓரிடத்தில் அந்த ஒரு கேள்வியைக் கேட்க மறந்தோம்.

எம் முகம் மாறியதை அம்மையார் கண்டார். தொலைபேசியில், "மீனும் உண்பதில்லை" என்று எழுதிக் காட்டினோம். அவர் ஒருகணம் திகைத்தார். பின்னர் கிண்ணத்தை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, இரு கைகளையும் மார்பின் முன் பெருக்கற் குறிபோல் குறுக்காகப் பிடித்துக் காட்டி, இடுப்பு வளையத் தலைவணங்கினார். அந்நாட்டில் அக்குறி, "இல்லை, ஆகாது" என்பதைக் குறிக்கும். கொடுத்த பணத்தையும் வாங்க மறுத்துவிட்டார். கடையை விட்டு எம்மை வெளியேற்றியதாகவே அப்போது எமக்குத் தோன்றியது. விரத நாளில், பசியோடும் குற்ற உணர்வோடும் விடுதிக்குத் திரும்பினோம். ஊரிலே எண்பது வயதைக் கடந்த எம் அன்னையார், வீட்டிற்கு வெளியே தண்ணீரும் அருந்தாதவர். அவர் தொலைபேசியில், "விரதச் சாப்பாடு கிடைச்சதோ?" என்று கேட்டபோது, ஏதோ சொல்லி மழுப்பினோம்.

மறுநாட் காலை ஒசாக்காவிலிருந்து எம் தமக்கையாரின் மகள் வந்து சேர்ந்தாள். அங்கு பட்டமேற்படிப்புப் படிக்கும் அவள் பாலும் நெய்யும் தயிரும்கூடத் தவிர்த்தவள். 1944 இல் இங்கிலாந்தில் பிறந்த 'வீகன்' என்ற சொல் இக்கொள்கையைக் குறிக்கும். தமிழில் இக்காலத்தார் நனிசைவம் என்பர். நடந்ததைக் கேட்டுச் சிரித்தாள்.

"மாமா, அவ சரியான மறுமொழிதான் சொல்லியிருக்கிறா. நீங்கள்தான் கேள்வியைப் பிழையாய்க் கேட்டிருக்கிறியள்" என்றாள்.

பரீட்சை வினாத்தாள் அமைப்பதையே தொழிலாகக் கொண்ட எமக்கு இது சற்று உறைத்தது. ஆயினும் அவள் கூறியது உண்மையே. யப்பானிய மொழியில் இறைச்சியைக் குறிக்கும் 'நிக்கு' என்ற சொல்லில் மீன் அடங்காது. இறைச்சி இல்லையா என்றால், இல்லை என்பர், அது பொய்யன்று. அன்றியும், அந்நாட்டுச் சமையலின் ஆணிவேர் கண்ணிற்படாத ஒன்று. அதுவே 'தாஷி' என்னும் அடிச்சாறு. உடோன் சாறு, மிசோச் சாறு, அவித்த மரக்கறி, தோபுவுக்கு ஊற்றும் குழம்பு ஆகிய யாவற்றிலும் தாஷியே நீராக நிற்கும். பெரும்பாலும் அது கத்சுவோபுஷியும் 'கொம்பு' என்னும் பெரிய கடற்பாசியும் சேர்ந்த சாறாகும். அவர்களுக்கு அது ஓர் உணவுப் பொருளே அன்று, தண்ணீர். எமது அடுக்களையில் உப்பை யாரும் உணவென்று எண்ணாதது போல.

புத்த சமய நாடென்ற எம் கணக்கும் எங்கே பிழைத்தது என்பதை அறிந்தோம். 675 ஆம் ஆண்டில் தென்மு மன்னர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் ஊனை ஆண்டின் ஒரு பகுதியில் உண்ணலாகாதென ஆணையிட்டார். அதன்பின் நூற்றாண்டுகளாக விலங்கூனில் மக்கள் தயக்கங் காட்டினர். மீனிலோ அத்தயக்கம் இருக்கவில்லை. 1872 இல் மெய்ஜி மன்னரே மாட்டிறைச்சி உண்ட செய்தி ஊரறியச் சொல்லப்பட்டது. அவ்வாண்டிலேயே துறவியரும் விரும்பினால் ஊன் உண்ணலாம், மணம் செய்யலாம் என்று அரசு அறிவித்தது. ஆகவே கோயிலைக் கண்டு கடையை மதிப்பிடுதல் ஆகாது.

எனினும், கோயிலுக்குள்ளே இன்றும் அணையாத அடுப்புகள் உள்ளன. அவற்றை நாடிச் செல்வோம் என்று மருமகள் எம்மை நகரின் மேற்கே அரஷியாமாவுக்கு அழைத்துச் சென்றாள். மலையடிவாரத்தில் இலைகள் சிவக்கத் தொடங்கியிருந்தன. அங்குள்ள தென்ரியூஜி 1339 இல் நிறுவப்பட்ட சென் மார்க்கக் கோயில். அதன் தோட்டத்தின் ஒரு புறத்தே 'ஷிகெத்சு' என்னும் உணவுச்சாலை உண்டு; மதிய உணவு மாத்திரமே தருவர். பாய் விரித்த மண்டபத்தில் சிவப்புக் கம்பளத்தின் மீது வரிசையாக அமர்ந்தோம். செவ்வரக்கு பூசிய தட்டுகளில் சோறு, சாறு, எள்ளைக் கிழங்கு மாவுடன் கிண்டி உறையவைத்த மென்மையான 'எள்ளுத் தோபு', கத்தரிக்காய், பூசணி, காளான், ஊறுகாய் என்று சிறுசிறு கிண்ணங்களாக வந்தன. ஊன் இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. வெங்காயம், உள்ளி முதலிய கடுமணம் கொண்ட ஐந்தும் இல்லை. விரத நாட்களில் இவற்றைத் தவிர்ப்போர் எம்மவரிலும் உளரன்றோ?

சாறு எதனால் ஆனது? கொம்பும் உலர்ந்த காளானும். வடக்கே ஹொக்கைடோத் தீவின் குளிர்ந்த கடலில் வளரும் கொம்பு, பழங்காலத்தில் பாய்க்கப்பல்களில் மேலைக்கரையோரமாக வந்து, தரைவழியாகக் கியோட்டோவை அடைந்தது. கடலுக்கு எட்டியிருந்த இந்நகர் உலர்ந்த சரக்கைக் கொண்டே சுவை காணக் கற்றது. கியோட்டோவிற் பிறந்த இக்கேடா கிக்குனே என்னும் விஞ்ஞானி 1908 இல் இக்கொம்புச் சாற்றிலிருந்தே குளுட்டாமிக்கமிலத்தைப் பிரித்தெடுத்து, இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு என்னும் நான்கிலும் அடங்காத அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். மீனின்றியும் சாறு சுவைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இவ்வகை உணவுக்கு 'ஷோஜின் ரியோரி' என்று பெயர். ஷோஜின் என்பது வடமொழியின் 'வீரிய' என்ற சொல்லுக்குச் சீனர் அமைத்த மொழிபெயர்ப்பு. விடாமுயற்சி என்பது பொருள். புலால் இல்லாதது என்று இல்லாமையால் பெயரிடாது, முயற்சியுணவு என்று பெயரிட்ட நுட்பம் எம்மைக் கவர்ந்தது. தோகென் என்னும் துறவி 1237 இல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அதில் அவர் தம் இளமையனுபவம் ஒன்றைக் கூறுகின்றார். 1223 இல் சீனத் துறைமுகத்தில் கப்பலில் தங்கியிருந்தபோது, அறுபத்தொரு வயதான மடத்துச் சமையற்காரர் ஒருவர் நெடுந்தூரம் நடந்து அங்கு வந்தார். மறுநாள் துறவியர்க்கு ஆக்கும் நூடில்ஸ் சாற்றுக்கு வேண்டிய சரக்கொன்றை யப்பானியரிடம் வாங்கவே வந்திருந்தார். இம்முதுமையில் தியானத்தை விட்டு அடுக்களையில் உழல்வானேன் என்று இளைஞரான தோகென் கேட்டார். கிழவர் சிரித்து, சாதனை இன்னதென்பதை நீர் இன்னும் அறிந்திலீர் என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். ஒரு கிண்ணச் சாற்றின் தூய்மைக்காக ஒருவர் அத்தனை தூரம் நடந்திருக்கின்றார். நாமோ ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கச் சோம்பினோம்.

அவ்வுணவுச்சாலையின் பெயருக்கும் பொருள் உண்டு: சந்திரனைச் சுட்டும் விரல். விரலையே சந்திரனென்று மயங்கலாகாது என்பது சென் மார்க்கத்தார் கூறும் உவமை. சைவம் என்பதும் வீகன் என்பதும் விரல்களே. பிறநாட்டிற் சொல்லைக் கேளாது பொருளைக் கேட்டல் வேண்டும்.

இனி, செல்வோர்க்குச் சில குறிப்புகள். நகரின் வடபால் உள்ள தைத்தொகுஜிக் கோயில் வளாகத்தில், துறவியரின் பிச்சைப் பாத்திர வடிவிலான செவ்வரக்குக் கிண்ணங்களில் ஷோஜின் உணவு பரிமாறும் இடமொன்றுண்டு; உண்டு முடிந்ததும் அக்கிண்ணங்கள் ஒன்றனுள் ஒன்றாக அடங்கிவிடுகின்றன. தெற்கே ஊஜி நகரில் 1661 இல் சீனத்துறவி இங்கென் நிறுவிய மன்புக்குஜியில், மேசையைச் சுற்றியமர்ந்து பகிர்ந்துண்ணும் சீனமுறை மரக்கறி விருந்து முற்பதிவு செய்தோர்க்குக் கிடைக்கும். நன்சென்ஜிக் கோயிலருகே கொம்பு இட்ட வெந்நீரில் தோபுவைச் சூடாக்கித் தரும் பழைய கடைகள் பல. அங்கு தோபு தூயது; தோய்க்கும் சாற்றில் மீன்சாறு இருத்தல் கூடும்; விசாரித்தே தோய்க்க வேண்டும்.

கோயில் விருந்து விலையுயர்ந்தது. மாணவர்க்கு நாள்தோறும் இயலாது. அவர்கள் நிஷிக்கிச் சந்தைக்குச் செல்லலாம். ஏறத்தாழ 400 மீற்றர் நீளமான அவ்வொடுங்கிய கடைவீதியில் தோபு, சோயாப்பாலின் ஆடையாகிய 'யூபா', கோதுமைப் பசையிற் செய்த 'பூ', கோசுக்கிழங்கு ஊறுகாய் ஆகியன விற்பர். அண்மைக் காலத்தில் வீகன் என்று பலகையிலேயே எழுதிய சிற்றுண்டிச்சாலைகளும் நூடில்ஸ் கடைகளும் பெருகியுள்ளன. இவை சில வேளை மூடப்படும், இடம் மாறும். ஆதலால் புறப்படும் அன்றே தொலைபேசியிற் பார்த்துக்கொள்வது நன்று. சிறு அங்காடிகளில் வாங்கும் சோற்றுருண்டையிலும் கவனம் வேண்டும். கடற்பாசி உருண்டையிலும் மீன்சத்துக் கலந்திருப்பதுண்டு. பொதியின் மீது ஒவ்வாமைப் பொருள்களென்று கட்டமிட்டுக் காட்டுவனவற்றில் முட்டையும் பாலும் இடம்பெறும்; கத்சுவோ அப்பட்டியலில் இல்லை. ஆகையால் சேர்பொருள் வரி முழுவதையும் படித்தல் வேண்டும்.

வாயாற் கேட்க வேண்டியவை மூன்று. "நிக்கு மோ, சக்கானா மோ தபெமாசென்": இறைச்சியும் உண்ணேன், மீனும் உண்ணேன் என்பது முதலாவது. தாஷி எதனால் ஆனது என்பது இரண்டாவது. கொம்பினால் மாத்திரம் ஆக்கித் தர இயலுமா என்பது மூன்றாவது. இவற்றை யப்பானிய எழுத்தில் ஓர் அட்டையிற் பதித்து வைத்திருத்தல் நலம். இல்லையென்று கைகளைக் குறுக்கிட்டால் வருந்தற்க. அது அவமதிப்பன்று, உம்மை ஏமாற்ற மனமில்லாதவரின் மரியாதை.

இதனை உணர்ந்தபின், பயணத்தின் கடைசி மாலையில் அந்தச் சந்துக் கடைக்கு மருமகளுடன் சென்றோம். பிழை எம்முடையதே என்று அவள் வாயிலாகச் சொன்னோம். அம்மையார் மீண்டும் மீண்டும் தலைவணங்கினார். பின்னர் எம்மை அமர்த்தி, குளிர்ந்த தோபுவின் மீது இஞ்சித் துருவலும் சோயாக் குழம்பும் இட்டு, வழக்கமாகத் தூவும் மீன்சீவலைத் தூவாமல், இருவர்க்கும் வைத்தார். குழம்புப் புட்டியைத் திருப்பி, அதன் எழுத்துக்களையும் மருமகளுக்குக் காட்டினார். அவள் பாலும் உண்ணாதவள் என்று கேட்டபோது வியந்து, "உங்கள் நாட்டில் இந்தப் பிள்ளைக்கு என்ன கொடுப்பார்கள்?" என்று வினவினார்.

எங்கள் நாட்டில் மரக்கறி உணவுக்கு ஏது குறை என்று பெருமையுடன் விடையிறுக்க வாயெடுத்தோம். மருமகள் எம் முகத்தை நோக்கிப் புன்னகைத்தாள். அப்புன்னகையில் சென்ற சித்திரை வருடப்பிறப்பு எம் நினைவுக்கு வந்தது. எம் வீட்டுப் பந்தியில் அவள் பருப்பில் நெய் விட்டதோ, பாயாசத்தில் பசுப்பால் சேர்த்ததோ என்று மெல்லக் கேட்டாள். "பால்தானே பிள்ளை, அதுவும் சைவந்தானே" என்று சொல்லி இலையில் ஊற்றியவர் நாமே. அவள் ஒன்றும் சொல்லாமல் வெறுஞ்சோற்றை உண்டெழுந்தாள். கியோட்டோ அம்மையார்க்கு மீன்சாறு எப்படித் தண்ணீரோ, எமக்குப் பால் அப்படி. அவர் அறியாமல் வைத்தார். அறிந்ததும் கிண்ணத்தை எடுத்துவிட்டார். நாம் அறிந்தே வைத்தோம்.

அன்றிரவு ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து, ஐப்பசி வெள்ளியன்று நடந்ததை மறையாது அன்னையாரிடம் சொன்னோம். கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம். சற்று நேரம் பேசாதிருந்து, "தெரியாமல் சாப்பிட்டதுக்கு என்ன செய்யிறது? இனிமேல் கேட்டுச் சாப்பிடு" என்றார். மருமகளின் கதையையும் சொன்னோம். அதற்கு அவர் மறுமொழி கூறவில்லை.

வருகின்ற தைப்பொங்கலுக்கு அவள் ஊர் வருகின்றாள். சென்ற கிழமை அன்னையார் எம்மை அழைத்து, "பிள்ளை வாறாளெல்லோ. தனியத் தேங்காய்ப்பாலிலை பொங்கினால் சாப்பிடுவாளோ? சர்க்கரை சரியோ? கசுக்கொட்டையை நெய்யிலை வறுக்காமல் விடட்டோ? எல்லாத்தையும் அவளைக் கேட்டுச் சொல்லு" என்றார்.

மூன்று கேள்விகளும் சரியான கேள்விகள். அவற்றை அன்றிரவே ஒசாக்காவுக்கு எழுதி அனுப்பினோம்.